திருத்தம் கேட்ட வாசகி

முயல்குட்டிக்கு,

நேற்று உன் பிறந்தநாள். வழக்கம்போல எங்கள் பத்திரிகையில் ‘இன்று பிறந்த வீரர்கள்’ பகுதியில் உன்னையும் சேர்த்தேன். ‘தடை ஓட்ட வீராங்கனை, ஓய்வு பெற்றவர்.’ பள்ளிக்கூடத்துப் படம்தான் போட்டேன். புதியது என்னிடம் ஏது?

இன்று காலை ஒரு வாசகி ஃபோனில் என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்.

“தப்பாப் போட்டிருக்கீங்க சார்! அவங்க எங்க ஓய்வு பெத்தாங்க? தினமும் எங்க பார்க்குல குழந்தைய வண்டியில வச்சுத் தள்ளிக்கிட்டே ஓடுறாங்களே!”

“யார் குழந்தை?”

“அவங்க குழந்தைதான் சார். அதே நீளக் காலு!”

நாளைக்குத் திருத்தம் வந்துவிடும்.

பேரனா, பேத்தியா? பிறந்த தேதியை மட்டுமாவது எழுது. அன்றைக்கு வேறு எந்த வீரர்கள் பிறந்தார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.

அப்பா,
விளையாட்டுப் பக்கம்