ஜீப்புக்குப் பின்னால தொங்கின கயிறு

இஞ்சேருங்கோ,

நான் ஏழு மணி பஸ்ஸில வேலைக்குப் போறன். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியில மூடி வைச்சிருக்கிறன்.

உங்கட அண்ணான்ர ஜீப்பைப் பாக்க வவுனியாவில இருந்து மெக்கானிக் பத்து மணிக்கு வருவார். ஜீப் திறப்பு ரீவிக்கு மேல கிடக்கு. முன்னுக்குப் போட்டால் கொஞ்சம் நிண்டிட்டுத்தான் உதைச்சுக்கொண்டு வெளிக்கிடுது, ரிவேர்ஸ் விழுகுதேயில்லை எண்டு சொல்லுங்கோ. வயலுக்குள்ள புதைஞ்ச உழவு மெசினை அதாலதான் இழுத்தனீங்கள் எண்டதையும் மறைக்காதேங்கோ. ஒட்டோ கியர் எண்ணெய் கருகின மணத்திலயே அந்தாள் பிடிச்சிடும். தேத்தண்ணி போட்டுக் குடுங்கோ.

ராத்திரி கனடாவுக்குக் கதைக்கேக்கை, சுகந்தி ஜீப் ஓடிப் பழகித்தான் கியர் பழுதாப் போச்சு எண்டு அண்ணாவுக்குச் சொன்னனீங்கள். எனக்குக் கேட்டது. நான் அதில ஏறினது ஒருக்காத்தான், கோயிலுக்கு. அதுவும் பின் சீற்றில.

சுகந்தி

பி.கு: ஜீப்புக்குப் பின்னால சேத்தோட தொங்கின கயித்தைக் கழட்டிக் கழுவி, முத்தத்தில உடுப்புக் கொடியாக் கட்டியிருக்கிறன். நாளைக்கு அண்ணா வந்து அது என்ன கயிறெண்டு கேட்டால் நான் வாய் திறக்கமாட்டன். அவரைக் கூப்பிட எயர்போட்டுக்குப் போகேக்கை போடப்போற உங்கட வெள்ளைச் சேட்டு அதிலதான் காயுது.