மஞ்சள் கொழுப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

மடுமாதா காவலில் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? போனில் என்றால் கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் மாட்டிறைச்சியின் கொழுப்பு மஞ்சளாக இருக்கிறதென்று, மாடு வாங்க வரும் அந்த வியாபாரி விலையைக் குறைத்தானாம். நீங்களும் மேய்ச்சலை நிறுத்தி, மாடுகளைக் கொட்டிலில் கட்டி, மூட்டைத் தீன் போடப்போகிறீர்களாம். பச்சைப்புல் தின்ற மாட்டின் கொழுப்பு மஞ்சளாகத்தான் இருக்கும். இதை உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா?

நான் வேலை செய்யும் இறைச்சிக்கடையிலும் நேற்று ஒருத்தி அதே மஞ்சளைக் காட்டி, வாங்கியதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். முதலாளி லோகன் அண்ணை, "குப்பையில போடு பிள்ளை" என்றார்.

"ஏலாது அண்ணை! கடையில இருக்கிறதுக்குள்ள இதுதான் திறம்" என்று எல்லோருக்கும் முன்னால் கத்திவிட்டேன். இரண்டு நாள் வரவேண்டாம் என்றிருக்கிறார். பயப்படாதீர்கள், எனக்கும் ஓய்வுதான். அந்த இறைச்சியை நானே கொண்டுவந்து கறி வைக்கிறேன். சட்டி நிறைய இருக்கிறது, தின்னத்தான் ஆளில்லை.

அந்த வியாபாரியை இனிப் படலைக்குள் விடாதீர்கள். கடிதம் கிடைத்ததும் மாடுகளை மேய அவிழ்த்துவிட்டுப் படம் அனுப்புங்கள். கறி அடிப்பிடிக்கிறது, எழும்புகிறேன். படத்தில் நீங்களும் நிற்கவேண்டும். எப்போதும் மாட்டை மட்டும்தான் அனுப்புகிறீர்கள்.

டிலக்சனா
ஃபாரஸ்ட் கேட், லண்டன்