அம்மாவுக்கு வந்த அழுகை வேஷம்

என் செல்ல மகளுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். கால் வீக்கம் வடிந்ததா? அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவள் ஷூட்டிங் போயிருக்கிறாள், அதே நகைச்சுவைத் தொடர், அதே வாயாடிப் பக்கத்து வீட்டுக்காரி, அதே சோபாவில் தடுக்கி விழுவதுதான். கடையில் அவள் தக்காளி விலை கேட்டால்கூட ஜனங்கள் சிரிப்பது உனக்குத் தெரியாததா.

போன வாரம் ஒரு சினிமாவில் மகனைப் பறிகொடுத்த தாய் வேஷத்துக்கு நடித்துக்காட்டக் கூப்பிட்டார்கள், நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். “எம்புள்ளைய ஒரு தடவ பாத்துக்கறேனே” என்று அவள் வாயைத் திறந்ததுதான் தாமதம், கேமராக்காரர் முதல் எல்லாரும் குபீரென்று சிரித்துவிட்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. இயக்குநர் ஒரு பெண், அவள் அவர்களை அதட்டப் போனாள், அம்மாவோ, “சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்மா, நான் முடிச்சிடறேன்” என்று சொல்லிவிட்டு அதே கீச்சுக்குரலில் தொடர்ந்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிப்போனது. முடிந்ததும் அவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். திரும்பி வரும்போது பெட்ரோல் போடணும் என்று மட்டும் அவளிடம் சொன்னேன்.

வேஷம் அவளுக்குத்தான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். ஆனால் படப்பிடிப்பு உன் பிரசவ மாதத்தில். வீட்டுக்குள் நுழைந்ததும் போனை எடுத்து, “பொண்ணுக்குத் தலைப் பிரசவம், வேற யாரையாவது பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டாள். உன்னிடம் மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு. பாத்திரம் கழுவும்போது அந்த வசனத்தை முணுமுணுக்கிறாள், நான் உள்ளே போனால் நிறுத்திக்கொள்கிறாள்.

இயக்குநர் பெண் எனக்கு போன் செய்து, அம்மா மனசு மாறுவாளா என்று இந்த மாதக் கடைசிவரை காத்திருப்பதாகச் சொன்னாள். இந்த நேரத்தில் அம்மா பக்கத்தில் வேண்டும் என்று நீ நினைப்பது நியாயம்தான், நேரில் கேட்க வாய் வராமல்தான் கடிதம் எழுதுகிறேன். முதலில் நான் வருகிறேன். சோறு வடிப்பேன், துணி துவைப்பேன், குழந்தையைக் குளிப்பாட்டத்தான் பயம், அதை மாப்பிள்ளை தலையில் கட்டிவிடலாம். படம் முடிந்த கையோடு அவள் வந்துவிடுவாள். உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் இதைக் கிழித்துப் போட்டுவிடு, அப்பாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒப்பினால் நீயே அவளைக் கூப்பிட்டு, போய் நடிம்மா என்று சொல்.

தாயும் பிள்ளையுமாக நல்லபடியாக எழுந்து நடமாட என் ஆசீர்வாதம். மாத்திரையை மறக்காதே. அம்மா கத்துவாள், வேண்டவே வேண்டாம் என்பாள், சரி என்று சொல்லும்வரை போனை மட்டும் வைத்துவிடாதே.

உன் அப்பா