அடுப்படிச் சுவருக்குத் தண்ணீர் விட வேண்டாம்

மாமா,

ஏலத்தோட்டத்துக்கு இன்று நான் போகிறேன். தோசைமாவு குண்டானில் இருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள்.

புதுவீட்டுச் சுவர்களுக்கு மறக்காமல் தண்ணீர் விடுங்கள். நேற்று கொத்தனார் வராத தைரியத்தில் நீங்களே கரண்டி பிடித்து, ஜன்னலுக்கு இடம் விடாமல் எழுப்பிய அடுப்படிச் சுவருக்கு மட்டும் விட வேண்டாம். நனையாத சுவரைப் பிரிப்பது சுலபம்.

"மலைக்காத்து அடுப்பை அணைச்சிரும்டி" என்கிறீர்கள். நீங்கள் தோட்டத்துக்குப் போகிற நாளெல்லாம், இந்த வாடகை வீட்டு ஜன்னலில் ஜீப்பு வெளிச்சம் மலையிறங்குவதைப் பார்த்துத்தானே நான் தோசைக்கல்லைப் போடுகிறேன்?

இன்று இறங்கி வருவது நான். பொழுது சாய்ந்ததும் புது அடுப்படிக்குள் அந்தச் சுவருக்கு எதிரே நின்று, என் ஜீப்பு தெரிகிறதா என்று பாருங்கள்.

முத்துப்பிரியா

தெரியாவிட்டால், கடப்பாரை சிமெண்டு மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது.