அதிகாரியிடம் சொன்ன உறவுமுறை

பள்ளிபாளையம்
2-2-2025

அன்புள்ள மருதண்ணாவுக்கு,

தங்கை சாரதாமணி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அண்ணிக்கு முழங்கால் வலி தேவலையா?

போனில் பேசினால் நீங்கள் என்னைப் பேசவிடமாட்டீர்கள். அதனால் மெயிலில் எழுதுகிறேன். உங்கள் வெள்ளிக்கிழமை யூடியூப் பேச்சை நானும் வீட்டுக்காரரும் ஒரு வாரம்கூட விடாமல் கேட்கிறோம். அமெரிக்க அரசியலை நீங்கள் சொன்னால்தான் எங்களுக்கு விளங்குகிறது. போன வாரம், பல்கலைக்கழகங்களில் இருக்கும் பன்முகத்தன்மை அலுவலகங்களை எல்லாம் இழுத்துப் பூட்ட வேண்டும், தகுதிக்கு மட்டும்தான் இடம் என்றீர்கள். கீழே முந்நூறு பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

அண்ணா, என் பெண் ரஞ்சனி அங்கே படிப்பதே அப்படி ஓர் அலுவலகத்தின் தயவில்தான். விசைத்தறிக்காரர் வீட்டுப் பெண், குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று பார்த்துத்தான் உதவித்தொகை கொடுத்தார்கள். வருஷா வருஷம் விசாவுக்கு வேண்டிய அவளுடைய மாணவர் பதிவைப் புதுப்பித்து அனுப்புவது அங்கே வேலை பார்க்கும் டோரத்தி என்ற அம்மாள். முதல் குளிர்காலத்துக்குக் கோட்டு வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். இன்னும் பத்து மாதம் போனால் ஆராய்ச்சி முடிந்து டாக்டர் பட்டம் வாங்கிவிடுவாள்.

நீங்கள் பூட்டச் சொல்லும் கதவுக்கு உள்ளேதான் நம் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். கோபமில்லை அண்ணா. சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்புத் தங்கை
சாரதாமணி


ஹூஸ்டன்
9-2-2025

அன்புத் தங்கச்சி சாரதாவுக்கு,

உன் மெயிலை உஷாராணிக்குப் படித்துக் காட்டினேன். "நல்லா வேணுமுங்க உங்களுக்கு" என்றாள். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. என்னைக் கண்டிக்கும் தெம்பும் அப்படியே இருக்கிறது.

ரஞ்சனியைப் பற்றி நான் ஒரு சொல் தப்பாகச் சொல்வேனா? அவள் கெட்டிக்காரி. அதனால்தான் பேசுகிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே முதல் வேலையில் சேர்ந்தபோது, பக்கத்து மேஜைக்காரன் சிரித்துக்கொண்டே, "உன்னை எந்தச் சலுகைப் பட்டியலில் எடுத்தார்கள்?" என்று கேட்டான். அந்தச் சிரிப்பை அழிக்க எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று. பக்கவாசல் என்று ஒன்று திறந்திருந்தால், முன்வாசலில் வந்தவனையும் அப்படித்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வை நம் பிள்ளைமேல் விழக்கூடாது.

சட்டமும் அப்படித்தான். ஃபெடரல் அரசின் குடியேற்ற அதிகாரிகள் வீடு தேடிப் போய் விசாரிப்பதை இங்கே பலபேர் திட்டுகிறார்கள். நான் திட்டமாட்டேன். பதினாலு வருஷம் காத்திருந்து முறைப்படி குடியுரிமை வாங்கியவன் நான். காகிதம் சரியாக இருந்தால் என்ன பயம்? அதிகாரி கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். பொய் சொன்னால் அதுவே தனிக் குற்றம். வாராவாரம் இதைத்தான் சொல்கிறேன்.

ரஞ்சனியின் காகிதம் சரியாகத்தானே இருக்கிறது? அப்புறம் என்ன, நிம்மதியாக இரு.

உன் அண்ணன்
மருதாசலம்


பள்ளிபாளையம்
12-2-2025

அண்ணாவுக்கு,

முன்வாசல் என்று எழுதியிருக்கிறீர்கள். எண்பத்தாறில் உங்களுக்கு இன்ஜினியரிங் சீட் பிசி கோட்டாவில் கிடைத்தது. அப்போது உங்கள் அப்பா இறந்து மூன்று மாதம். சாதிச் சான்றிதழுக்காக என் அப்பா தறியை நிறுத்திவிட்டு இரண்டு நாள் திருச்செங்கோடு தாலுகா ஆபீஸில் நின்றார். "பையனுக்கு நீ யாருய்யா?" என்று கிளார்க் கேட்டதற்கு, "எம் பையனுங்க சாமி" என்றார். நாம் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தவர்கள், அவ்வளவுதான். வேறு ஒட்டு உறவு கிடையாது.

அது எந்த வாசல் என்று யோசித்துப் பாருங்கள். இனி வெள்ளிக்கிழமைப் பேச்சை நான் கேட்கப் போவதில்லை.

சாரதாமணி


பள்ளிபாளையம்
22-4-2025

மருதண்ணா,

நாலு தடவை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. இரண்டு மாதமாக நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. அதையெல்லாம் இப்போது பார்க்க முடியாது.

ரஞ்சனியின் மாணவர் பதிவு ரத்தாகிவிட்டதாம். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. நேற்று இரண்டு ஃபெடரல் அதிகாரிகள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அவள் லேபில் இருந்தாள். நாளைக்கு மதியம் திரும்ப வருகிறார்களாம், கூடக் குடியிருக்கும் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். "அம்மா, என்னையக் கூட்டிட்டுப் போயிருவாங்களா?" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல? அந்த நாட்டில் எனக்கு உங்களைத் தவிர யாரைத் தெரியும்?

அவள் முகவரி கீழே இருக்கிறது.

சாரதா


ஹூஸ்டன்
11-5-2025

தங்கச்சி சாரதாவுக்கு,

எல்லாம் ரஞ்சனி சொல்லியிருப்பாள். ஆனாலும் நானே எழுதினால்தான் எனக்கு ஆறும்.

நீ போன் செய்தபோது வெள்ளிக்கிழமைப் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். அதிகாரிகளுக்கு எல்லாரும் ஒத்துழைக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. மெயிலைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டுக் காரை எடுத்தேன். பக்கத்து மாநிலம்தான், இருந்தாலும் ஏழு மணி நேரம் ஆகிவிட்டது.

நான் போய்ச் சேர்ந்த அரைமணியில் அவர்கள் வந்தார்கள். பெரியவருக்கு என் வயது இருக்கும், நரைத்த மீசை. மரியாதையாகத்தான் பேசினார். "நீங்கள் யார்?" என்று கேட்டார். "இவள் என் தங்கை மகள்" என்றேன். யோசிக்கவே இல்லை சாரதா. நாற்பது வருஷமாக உன்னை வேறு எப்படிச் சொல்லியிருக்கிறேன்? "கூடப்பிறந்த தங்கையா?" என்று திரும்பக் கேட்டார். அப்போதாவது நிதானித்திருக்க வேண்டும். "ஆமாம்" என்றேன். எழுதிக்கொண்டார். தாய்மாமன் பொறுப்பேற்கிறார் என்பதால் அவளைக் கூட்டிப் போகாமல், பத்து நாளில் காகிதங்களோடு வரச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். அந்த அலுவலகம் பூட்டிக் கிடந்தது. மார்ச்சிலேயே மூடி, டோரத்தியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரஞ்சனியின் புதுப்பிப்பை அனுப்ப ஆளில்லை. பதிவு ரத்தானது அதனால்தான். டோரத்திக்குப் போன் செய்தேன். வேலையிலிருந்து எடுத்த பிறகும் அந்த அம்மாள் பஸ் பிடித்து வந்தார். "இந்த அலுவலகத்தை மூடச் சொல்லிப் பேசியவர்களில் நானும் ஒருவன்" என்று சொன்னேன். சொல்லாமல் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "முதலில் ஃபைலைத் தேடுவோம்" என்றார். காவலாளியைக் கூப்பிட்டுக் கதவைத் திறக்க வைத்தார். மூன்றாவது அலமாரியில், அவர் கையெழுத்துப் போட்டபடியே இருந்தது. தப்பு எங்களுடையதுதான் என்று பல்கலைக்கழகம் எழுதிக் கொடுத்தது. பதிவு திரும்ப வந்துவிட்டது. நம் பிள்ளை படிப்பை முடிப்பாள்.

ஆனால் ஒன்று பாக்கி இருந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு நானே ஃபெடரல் அதிகாரியிடம் பொய் சொல்லியிருக்கிறேன். "முடிஞ்சு போனத எதுக்குங்க கிளறறீங்க" என்று உஷாராணி தடுத்தாள். கேட்கவில்லை. ரஞ்சனி என் கூடப்பிறந்த தங்கை மகள் இல்லை என்று அந்தப் பெரியவருக்கு எழுதிப் போட்டேன். வக்கீலுக்கும் சொல்லி வைத்தேன், பயம்தான்.

நாலாம் நாள் அவரே கூப்பிட்டார். "சொந்தமில்லை என்றால் எதற்கு ஏழு மணி நேரம் ஓட்டி வந்தீர்கள்?" என்றார். உன் அப்பா தாலுகா ஆபீஸில் நின்ற கதையைச் சொன்னேன். அவர் கிளார்க்கிடம் சொன்னதையும் சொன்னேன். "உங்கள் திருத்தத்தைக் கோப்பில் சேர்த்துவிட்டேன். வேறு நடவடிக்கை எதுவும் இல்லை" என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னேன். தகுதி வேண்டும் என்பதையும் சட்டம் வேண்டும் என்பதையும் நான் விடவில்லை, விடவும் மாட்டேன். ஆனால் ஓர் அலுவலகத்தைப் பூட்டுகிறவன், மேஜைமேல் இருக்கும் பிள்ளைகளின் காகிதத்தை யார் கையில் கொடுப்பது என்று முதலில் பார்க்க வேண்டும். அதை நான் யோசிக்காமல் பேசினேன் என்று சொன்னேன். தொண்ணூறு பேர் சேனலை விட்டுக் கழன்றுகொண்டார்கள். போகட்டும்.

உன் பிப்ரவரி மெயிலுக்குப் பதில் எழுதாதது கோபத்தால் அல்ல. அது எந்த வாசல் என்று நீ கேட்டதைத்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மருதாசலம்


பள்ளிபாளையம்
20-11-2025

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

ரஞ்சனி டாக்டராகிவிட்டாள். ஆராய்ச்சித் தேர்வு முடிந்து வெளியே வந்ததும் எனக்கும், அடுத்து உங்களுக்கும், மூன்றாவது டோரத்தி அம்மாவுக்கும் போன் செய்தாள். நீங்கள் போனில் அழுதீர்கள் என்று சொன்னாள். நான் நம்பவில்லை. அண்ணியிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று ஆறு மாதமாக யோசிக்கிறேன். நீங்கள் அங்கே போனபோது அவளுக்கு ரசம் வைத்துக் கொடுத்தீர்களாம், உப்பில்லாமல். அதை நினைக்கும்போதெல்லாம் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வருகிறது. பேச்சைக் கேட்கமாட்டேன் என்று எழுதியதை நான் மே மாதமே வாபஸ் வாங்கிவிட்டேன். போன வாரம் பேசியதில் எனக்குப் பாதி ஒப்புதல் இல்லை. அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எடப்பாடி, பேர் சந்தோஷ்குமார், பெங்களூரில் வேலை. எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ரஞ்சனியின் காதுகுத்துக்கு மாமன் மடி இல்லாமல் என் அப்பா மடியில்தான் உட்காரவைத்தோம். கல்யாணத்துக்குத் தாய்மாமனாக நின்று பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்ட யார் என்று பேச்சு வந்தது. உங்கள் பெயரைச் சொன்னேன். "மொறை இல்லாத ஆளை எப்படி நிறுத்தறது?" என்றார் எங்கள் வீட்டுக்காரரின் அத்தை பெருமாயி. "ஏனுங்க அத்தை, ஏழு மணி நேரம் காரோட்டிட்டு வந்து நிக்கற மாமன் நம்ம சொந்தத்துல ஆருக்காச்சும் இருக்கறாங்களா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "செரி சாமி, அவரையே வரச் சொல்லு" என்றார்.

உங்களைக் கேட்காமலே பத்திரிகை அச்சாகிவிட்டது. 'தாய்மாமன்: திரு. மருதாசலம் – திருமதி உஷாராணி, அமெரிக்கா' என்று போட்டிருக்கிறது. பத்துப் பிரதிகள் கூரியரில் அனுப்பியிருக்கிறேன்.

ஒன்றை அந்த நரைத்த மீசை அதிகாரிக்குக் கொடுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. உங்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டி, கோப்பில் இன்னொரு தடவை திருத்தச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
சாரதாமணி