மேனேஜரம்மா தூங்கும் நேரம்

மார்ச் 4, திங்கள்

தூங்கியது 12.40. எழுந்தது 7.10, அதுவும் நான் தூக்கி நிறுத்தியதால்.

குழந்தைகள் கிளினிக் நர்ஸ் சொல்லித்தான் இந்த நோட்டு. நாலு வயதுப் பிள்ளை பத்து மணி நேரமாவது தூங்க வேண்டுமாம். தூங்குவது, எழுவது, அன்று வீட்டில் நடந்தது எல்லாம் எழுதச் சொன்னார். நோட்டுக்கா பஞ்சம்? அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மிஷின் என் கையில். போன வாரம் தூக்கக் கலக்கத்தில் அளவு மாற்றி வெட்டிய தாள்கள்தான் இவை. மேலே அகலம், கீழே ஒடுக்கம். வெட்டினவனைப் போலவே கோணல்.

மகளுக்கு நான் வைத்த பெயர் மேனேஜரம்மா. வீட்டில் நைட் ஷிஃப்ட் முழுக்க அவள் பொறுப்பு.

மார்ச் 5, செவ்வாய்

தூங்கியது 12.15.

நர்ஸ் சொன்ன வரிசை: குளியல், பல் தேய்ப்பு, ஒரு கதை, எட்டு மணிக்கு விளக்கை அணைப்பது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவியும் போனும் மூட்டை கட்ட வேண்டும். மனைவி ஒன்றுவிடாமல் செய்தாளாம். எட்டே முக்காலுக்கு நான் கீழே சைக்கிள் மணியை அடிக்கும்போதே மாடியில் தடதடவென்று குதிக்கும் சத்தம். என்ன வரிசையோ!

வழக்கம்போல் தோளில் தூக்கி யானைச் சவாரி. பிறகு நானும் ஒரு கதை சொன்னேன். முயல் தூங்கியது, கரடி தூங்கியது, கதை சொன்னவனும் தூங்கிவிட்டான். மேனேஜரம்மா என் இமையை விரலால் தூக்கிப் பார்த்து, "அப்புறம்?" என்றாள்.

மார்ச் 6, புதன்

12.50. மனைவி காலை ஐந்துக்கு ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் இருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் பிள்ளை என் பொறுப்பு. காலையில் எழுப்பிப் பள்ளிக்கு இழுத்துப் போவதும் நான்தான். இன்று ஒரு கால் செருப்போடு போய்ச் சேர்ந்தோம்.

விளையாட்டு மேசையிலேயே தூங்கிவிடுகிறாளாம். எழுப்பிய பையனைக் கடித்து வைத்திருக்கிறாள். "வீட்ல தூங்க விடுறீங்களா, இல்லையா?" என்று டீச்சர் கேட்டார்.

"நாங்க விடுறோம் டீச்சர். அவதான் எங்கள விட மாட்டேங்கிறா."

டீச்சர் சிரிக்கவில்லை.

மார்ச் 8, வெள்ளி

நேற்றும் இன்றும் ஓவர்டைம். வீடு திரும்பப் பதினொன்று. நேற்று 8.30, இன்று 8.20-க்கே தூங்கிவிட்டாளாம்! இரண்டு நாளும் மனைவி பாலைச் சூடாகக் கொடுத்தாளாம். ஆக, பால்தான் மருந்து.

மார்ச் 9, சனி

சூடான பால், இரண்டு டம்ளர். தூங்கியது 1.05. நடுவில் ஒருமுறை படுக்கையும் நனைந்தது.

மார்ச் 13, புதன்

12.30.

மார்ச் 15, வெள்ளி



எங்கள் மிஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் கத்தி இறங்கும். கை உள்ளே மாட்டாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. அவசர வேலைக்காக ஒரு பட்டனில் அட்டைத் துண்டைச் செருகி, ஒற்றைக் கையால் ஓட்டுவது எங்கள் கெட்டிக்காரத்தனம். இன்று இடது கையால் தாளைத் தட்டிக்கொண்டிருந்தபோது கண் செருகிவிட்டது. வலது கை தன்பாட்டுக்குப் பட்டனை அமுக்கிவிட்டது.

கையுறையின் விரல் நுனி மட்டும் வெட்டுப்பட்டு விழுந்தது. விரல் இருக்கிறது. பத்து தடவை எண்ணிவிட்டேன்.

ஃபோர்மேன் அட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கத்தவே இல்லை. "வீட்டுக்குப் போய்த் தூங்கு. திங்கக்கிழமையும் இதே கண்ணோட வந்தா மிஷின வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். உன் கைய வெட்டுன பாவம் எனக்கு வேணாம்."

இது தெரிந்தால் வேறு எந்த அச்சகம் என்னைச் சேர்க்கும்?

மார்ச் 16, சனி

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு, "யானை, இன்னொரு தடவை" என்றாள். கையை ஓங்கிட்டேன். அடிக்கல. ஆனா ஓங்கிட்டேன். சுவரோட ஒட்டிக்கிட்டு என்னையே பாத்தா. இந்தக் கைய மிஷினே எடுத்திருக்கலாம். நான் என்ன மனுஷன்?

காலையில் மனைவி இந்த நோட்டை ஆரம்பத்திலிருந்து படித்தாள். பிறகு விரலை வைத்துக் காட்டினாள்.

"பால் இல்லங்க. நீங்க இல்லாத ரெண்டு நாள்தான் எட்டரைக்குள்ள தூங்கியிருக்கா. அப்பா வர மாட்டாருன்னு சொன்னேன், படுத்துட்டா. மத்த நாளெல்லாம் மணிச் சத்தத்துக்குக் காத்துக் கிடக்குறா."

எழுதியவன் நான். இரண்டு வாரமாக என் கையெழுத்திலேயே இருந்திருக்கிறது. மணியடித்து, தூக்கிச் சுற்றி, தூங்கப் போகும் பிள்ளையைக் கிளப்பி விடுகிறவன் நானேதான்.

ஆனால் அவள் சிரிப்பதை நான் பார்க்கிற ஒரே நேரம் அதுதானே. அதையும் விட்டுக்கொடுக்கணுமா?

மார்ச் 18, திங்கள்

ஃபோர்மேன் என் கண்ணைப் பார்த்தார், மிஷினைக் கொடுத்தார். அட்டையைக் கொடுக்கவில்லை.

அவள் தூங்கியதும் ஜன்னலில் மஞ்சள் துண்டைப் போடுவதாக மனைவி சொன்னாள்; அதுவரை நான் மேலே வரக் கூடாதாம். மணியடிக்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து, மூடிய எதிர் சலூன் படியில் உட்கார்ந்தேன். துண்டு 10.20-க்கு வந்தது. அதுவரை ஜன்னல் வழியாக, "அப்பா எப்ப வரும்?"

என் வீட்டைத் திருடன் மாதிரி நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 20, புதன்

9.25. மழை. பூட்டிக்கொண்டிருந்த சலூன்காரர், "வீட்ல சண்டையா?" என்றார்.

"இல்லண்ணே. மேனேஜர் இன்னும் தூங்கல."

பாவம் என்று நினைத்திருப்பார், குடையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மார்ச் 23, சனி

8.50. நான் வந்து ஐந்தே நிமிடம்.

மனைவி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்திருந்தாள். தனியாகச் சாப்பிட்டேன். தூங்கும் முகம் அழகுதான். ஆனால் அது என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

மார்ச் 26, செவ்வாய்

நான் தெருமுனை திரும்பும்போதே துண்டு ஜன்னலில் இருந்தது. படியில் உட்கார வேலையில்லை. இருந்தும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்.

மார்ச் 28, வியாழன்

தூங்கியது 8.10. எழுந்தது 6.00, தானாகவே.

என் இமையைத் தூக்கிப் பார்த்தது 6.01. யானை கிளம்பியது 6.02. பள்ளிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.