புத்திக்கு ஒன்றுமில்லையாம்

1931 பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. என் வீட்டுக்காரரோடு ரயிலில் காட்பாடி, அங்கிருந்து ஜட்கா வண்டியில் வேலூர். டாக்டர் இவர் கையைத் தட்டி, ஊசியால் குத்தி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நரம்பு செத்துக்கொண்டு வருகிறதாம். முதலில் கை, அப்புறம் கால், பேச்சு. மருந்து கிடையாது. "புத்திக்கு ஒண்ணும் ஆகாதும்மா. கடைசி வரைக்கும் தெளிவா இருப்பார்."

அதுவாவது மிஞ்சியதே என்று வீடு திரும்பி ஆம்பூர் வரும்வரை ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

பிப். 5, வியாழன்

நல்ல வெயில். இவர் தோல் சந்தைக்குத் தனியாகவே போனார். நடை இன்னும் சரியாகத்தான் இருக்கிறது.

மத்தியானம் காசிம் பாய் வாசலில். இருபது வருஷமாக இவர் தரகு பார்ப்பது அவருக்குத்தான். இன்ன விலை வரைக்கும் போகலாம் என்று துண்டுக்கடியில் இவர் விரலைப் பிடித்து ரகசியமாகக் காட்டினாராம் பாய். இவர் அதை விற்கிறவனிடமே உரக்கச் சொல்லிவிட்டுச் சிரித்தாராம்.

"அவன் இவருக்கு இன்னா குடுத்தான்னு கேளு தங்கச்சி. தோஸ்த்துன்னு நம்பினேன். இனிமே எங்கிட்ட வேலை கெடையாது."

கேட்டேன். "விலைதானே, சொன்னா இன்னா?" என்றார். துளி கூச்சமில்லை. தெளிவான புத்தியோடு செய்தால் அதற்குப் பேர் துரோகம்தான். வேறு என்ன?

பிப். 7, சனி

வண்ணாத்திக்குப் போட்டது: துப்பட்டி 2, வேட்டி 4.

எஸ்தர் கை அடுப்பில் சுட்டுவிட்டது. ஒன்பது வயசுப் பிள்ளை, அப்பாவுக்கு வெந்நீர் வைக்கப் போனாள். அவள் கதறுகிறாள். இவர் பார்த்துவிட்டுக் கேட்டது: "திங்க வெல்லம் இருக்கா?"

போன வருஷம் அவள் காலில் முள் குத்தியதற்கு அழுத மனுஷன்!

இவரால் முடியாதவை: பொத்தான், தீக்குச்சி, செம்பு தூக்குவது.
முடிந்தும் செய்யாதவை: முகம் துடைப்பது, அழுக்குச் சட்டையை மாற்றிவிடச் சொல்வது, "வலிக்குதாம்மா" என்று ஒரு வார்த்தை.

இரண்டாவதற்கு நோய் காரணமில்லை. டாக்டரே சொல்லிவிட்டார். அப்போ பன்னிரண்டு வருஷம் என்னோடு வாழ்ந்ததெல்லாம் நடிப்பா?

பிப். 9, திங்கள்

எஸ்தருக்குக் கட்டு மாற்றும் நாள். காலையிலேயே இவருக்குக் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி, பிடியில் துணி சுற்றிய கரண்டியைக் கையில் கொடுத்தேன். தினமும் "சாப்பிடுங்க, இன்னும் ஒரு வாய்" என்று நச்சரிப்பேன். இன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. தெளிவான புத்திதானே, அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று கிளம்பிவிட்டேன்.

கம்பவுண்டரிடம் ஒரே கூட்டம். திரும்பி வர மூன்று மணி.

இவர் அதே இடத்தில். கையில் அதே கரண்டி. கஞ்சி ஏடு கட்டி, மேலே எறும்பு.

"பசிக்கலையா?"

"பசிக்குதே."

"அப்ப ஏன் சாப்பிடல?"

யோசித்தார். கரண்டியையே பார்த்தார். கோபம் இல்லை.

"சாப்பிடுங்க" என்றேன். எறும்பை ஊதக்கூட இல்லை, உடனே அள்ளி வாயில் வைத்தார். கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.

நோய் கையோடு நிற்கவில்லை; யாராவது சொன்னால்தான் செய்யத் தோன்றுகிற அளவுக்குப் புத்திக்கும் ஏறிவிட்டது. பாவி டாக்டர்! அவர் ஒரு வார்த்தையை நம்பி, நாலு நாளாக இந்த மனுஷனைத் துரோகி என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

புதுக் கஞ்சி கொதிக்கிறது. ஒவ்வொரு வாய்க்கும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லணும்.